இலக்கியப் பாடத்தை எப்படித் தொடங்குவது? தோட்டப்புற நகரத்து ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் தேசிய இடைநிலைப்பள்ளிகளில் படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்குத் தமிழ் இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்காக, அவர்களுள்ளும் தோட்டப்புற நகரங்களில் அண்மையில் பணியேற்ற இளம் ஆசிரியர்களுக்காக, இந்தப் பக்கத்தை எழுதியிருக்கிறேன். கெடாவின் தென்பகுதியில் கூலிமுக்கும் சுங்கைப் பட்டாணிக்கும் இடையில் இருக்கும் பாடாங் செராய் வட்டாரத்தை மனத்தில் வைத்தே எடுத்துக்காட்டுகளைச் சொல்கிறேன். தாப்பாவிலோ லாபிசிலோ கற்பிப்பவர்கள் ஊர்ப்பெயரை மாற்றிக்கொண்டு இவற்றை அப்படியே பயன்படுத்தலாம்.

கேள்வி: பீடிகை, அதாவது பாடத்தைத் தொடங்கிவைக்கும் முதல் சில நிமிட நடவடிக்கை, எதற்கு? மாணவர்களை உற்சாகப்படுத்துவதற்குத்தானே?

உற்சாகம் அதனால் விளையக்கூடிய பயன்களில் ஒன்று. பீடிகையின் உண்மையான வேலை, ஒரு பாடலையோ கதையையோ படிக்கப் போகும் மாணவருக்கு அதைப் படிப்பதற்கான காரணத்தை உண்டாக்குவது. புதிர், விளையாட்டு, கைதட்டல் என்று கலகலப்பாகத் தொடங்கிவிட்டு, "சரி, இப்போது நூலைத் திறங்கள்" என்று ஆசிரியர் சொன்ன உடனே வகுப்பு சோர்ந்துபோனால், அதுவரை நடந்தவற்றுக்கும் பாடலுக்கும் தொடர்பே இருக்கவில்லை என்று பொருள். நல்ல பீடிகை முடியும் இடத்தில் மாணவரின் மனத்தில் ஒரு கேள்வி நிற்கும். அந்தக் கேள்விக்கு விடை பாடலுக்குள் இருக்கும். ஆகவே பாடலின் முதல் அடியை வாசிப்பதற்கு முன்பே மாணவர் அதற்குள் ஒரு காலை எடுத்து வைத்திருப்பார்.

இது நம் மரபுக்குப் புதிதும் அன்று. பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில், கற்பிப்பவர் சொல்லவேண்டிய பொருளை உள்ளத்தில் அமைத்துக்கொண்டு, "விரையான் வெகுளான் விரும்பி முகமலர்ந்து, கொள்வோன் கொள்வகை அறிந்து" கற்பிக்க வேண்டும் என்கிறார். கொள்வோன் கொள்வகை (கற்பவர் ஏற்றுக்கொள்ளும் வகை) என்ற அந்த இரண்டு சொற்களைத்தான் நான் பீடிகைக்கு இலக்கணமாகக் கொள்கிறேன். அமெரிக்கக் கல்வி உளவியலாளர் டேவிட் ஆசுபெல் 1968இல் எழுதியதும் இதற்கு மிக அருகில் வருகிறது: கற்றலைத் தீர்மானிக்கும் காரணிகளில் தலையாயது மாணவர் ஏற்கெனவே என்ன அறிந்திருக்கிறார் என்பதே, அதைக் கண்டறிந்து அங்கிருந்து கற்பிக்க வேண்டும் என்றார் அவர். தோட்டப்புற நகரத்து மாணவர் ஏற்கெனவே அறிந்தவை நிறைய இருக்கின்றன. அவற்றைப் பாடநூலோடு சேர்த்துப் பார்க்கும் பழக்கம்தான் இன்னும் அவருக்கு ஏற்படவில்லை.

கேள்வி: எத்தனை நிமிடம் ஒதுக்கலாம்?

ஒரு மணி நேர வகுப்பென்றால் ஐந்து முதல் எட்டு நிமிடம் போதும். அரை மணி நேரப் பாடவேளை மட்டும் கிடைக்கும் நாளில் மூன்று நிமிடத்தில் முடியக்கூடிய ஒரே ஒரு கேள்வியை எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: சங்கப் பாடல் என்றதும் மாணவர்கள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். சொற்பொருளில் தொடங்காமல் வேறு எப்படித் தொடங்குவது?

சொற்பொருளில் தொடங்குவதுதான் தலை குனிவதற்குப் பெரும்பாலும் காரணம். பத்துச் சொற்களுக்குப் பொருள் எழுதி முடித்த மாணவருக்குப் பாடல் என்பது அந்தப் பத்துச் சொற்களின் தொகுப்பாகவே தெரியும். பாடலின் உணர்வு நிலையை மாணவர் தம் வாழ்விலிருந்து முதலில் தொட்டுவிட்டால், சொற்பொருளை அவரே கேட்கத் தொடங்குவார்.

பாரி மகளிர் பாடிய புறநானூற்றின் 112ஆம் பாடலை எடுத்துக்கொள்வோம். மூவேந்தர் முற்றுகையில் தந்தையையும் பறம்பு மலையையும் இழந்த இரண்டு பெண்களின் ஐந்தடிப் பாடல் அது. வகுப்பில் நுழைந்ததும் நூலைத் திறக்கச் சொல்லாமல், வெண்பலகையில் "அன்று" என்றும் "இன்று" என்றும் எழுதுங்கள். முன்பு இருந்து இப்போது இல்லாத ஓர் இடத்தைப் பற்றி ஒவ்வொருவரும் இரண்டே வாக்கியம் எழுதட்டும். தாத்தா குடியிருந்த லயம் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை), தோட்டம் கைமாறியபின் இடிக்கப்பட்ட ஆயக்கொட்டகை (வேலைக்குப் போனவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட இடம்), திருவிழா நடந்த கோயில் திடல், செம்பனை நடுவதற்காக அழிக்கப்பட்ட ரப்பர்க் காடு என்று எதுவாகவும் இருக்கலாம். தோட்டப்புற நகரத்தில் இதற்கு விடை இல்லாத குடும்பம் அரிது. நான்கைந்து பேர் தாம் எழுதியதை வாசித்தபின், விளக்கம் எதுவும் சொல்லாமல் பாடலை மெதுவாக வாசியுங்கள்:

அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவில்
எந்தையும் உடையேம்; எம் குன்றும் பிறர்கொளார்;
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவில்
வென்றெறி முரசின் வேந்தர் எம்
குன்றும் கொண்டார், யாம் எந்தையும் இலமே.

பிறகு கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: "நீங்கள் எழுதிய இரண்டு வாக்கியங்களில் இல்லாத எது இந்தப் பாடலில் இருக்கிறது?" மாணவர்கள் மாறிப்போனவற்றை மட்டுமே எழுதியிருப்பார்கள். பாடலில் மாறாத ஒன்று இருக்கிறது; அது நிலவு. அன்றும் வெண்ணிலவு, இன்றும் வெண்ணிலவு; அதன் கீழே இருந்த தந்தையும் மலையும் மட்டும் இல்லை. இதை ஒரு மாணவர் தாமாகக் கண்டுபிடித்துச் சொல்லும்போது, எந்த உரைநூலும் தரமுடியாத அளவுக்கு அந்தப் பாடல் அவருடையதாகிவிடுகிறது. பாடவேளையின் முடிவில், மாறாத ஒன்றைச் சேர்த்துத் தம் இரண்டு வாக்கியங்களையும் திருத்தி எழுதச் சொல்லுங்கள். கோயில் மணி, ஆற்றுப்பாலம், லயத்து முற்றத்து மாமரம் என்று அவர்கள் தேடிச் சேர்ப்பதைப் பார்க்கும்போது, பாடலின் நுட்பம் அவர்கள் கைக்கு வந்துவிட்டதை உணரலாம்.

இன்னொரு வழி, உவமையை மறைத்துவைப்பது. குறுந்தொகையின் 40ஆம் பாடலில் "யாயும் ஞாயும் யாராகியரோ" என்று தொடங்கும் முதல் மூன்றடிகளை எழுதி, நான்காம் அடியை வெற்றிடமாக விட்டு, ஐந்தாம் அடியான "அன்புடை நெஞ்சம் தாம் கலந்தனவே" என்பதை எழுதுங்கள். பிரிக்கமுடியாதபடி கலக்கும் இரண்டு பொருள்களை மாணவர்கள் சொல்லட்டும். பாலும் தேநீரும் என்பார்கள், சர்க்கரையும் தண்ணீரும் என்பார்கள். பாட்டி பால் வெட்டியதைப் பார்த்த பிள்ளை ஒருவர், ரப்பர்ப் பாலில் அமிலம் ஊற்றினால் உறைந்து ஒன்றாகிவிடும் என்பார். எல்லாவற்றையும் பலகையில் எழுதிக்கொண்டு, அதன்பின் "செம்புலப் பெயல்நீர் போல" என்ற அடியைத் திறந்து காட்டுங்கள். மழைக்காலத்தில் செம்மண் சாலையோரம் ஓடும் சிவந்த நீரை நம் மாணவர்கள் அன்றாடம் பார்க்கிறார்கள். புலவரின் பெயரே மறைந்து, இந்த உவமையால் செம்புலப் பெயனீரார் என்று அவர் அழைக்கப்பட்டார் என்ற செய்தியை அந்த இடத்தில் சொன்னால், ஓர் உவமைக்கு எவ்வளவு ஆற்றல் இருக்க முடியும் என்பது தனி விளக்கமின்றியே புரியும்.

கேள்வி: இழப்பைப் பற்றி எழுதச் சொல்லும்போது, தந்தையை இழந்த மாணவர் வகுப்பில் இருந்தால் என்ன செய்வது?

ஆகவேதான் மேலே "ஓர் இடத்தைப் பற்றி" என்று சொன்னேன்; ஆளைப் பற்றி எழுதச் சொல்லக் கூடாது. பாடல் தந்தையின் இறப்பைப் பேசினாலும் பீடிகை இடத்தோடு நிற்கட்டும். எழுதியதை வாசிக்க யாரையும் பெயர் சொல்லி அழைக்காதீர்கள், விரும்பியவர் வாசிக்கட்டும். வீட்டில் அண்மையில் துயரம் நேர்ந்த மாணவர் இருப்பது தெரிந்தால், முந்தைய நாளே அவரைத் தனியே அழைத்து, நாளை இந்தப் பாடலைப் படிக்கப் போகிறோம் என்று சொல்லிவிடுவது ஆசிரியரின் கடமை. சிலர் அன்று பேசாமல் இருப்பார்கள். சிலர் எல்லாரையும்விட ஆழமாகப் பேசுவார்கள். இரண்டுக்கும் இடம் கொடுங்கள்.

கேள்வி: திணைப் பாகுபாட்டை அட்டவணை இல்லாமல் தொடங்க முடியுமா? குறிஞ்சிப் பூவையும் கொன்றையையும் பார்த்திராத பிள்ளைகளுக்கு இது மனப்பாடமாகவே இருக்கிறதே?

முடியும். அட்டவணையை மாணவர்களே உருவாக்கும்படி தொடங்கலாம். தொல்காப்பியம் கருப்பொருள்களைத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று வரிசைப்படுத்துகிறது. இந்தச் சொற்களைப் பலகையில் எழுதி, "நம் தோட்டத்தை ஒரு திணையாக வைத்துக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் எதை எழுதுவீர்கள்?" என்று கேளுங்கள். தெய்வம் என்றதும் மாரியம்மனா முனீஸ்வரரா என்று வாதம் எழும். மரம் ரப்பரா, செம்பனையா? விலங்கு காட்டுப்பன்றியா, பாம்பா? பறை என்றதும் உறுமி வரும், தப்பு வரும். தொழில் பால் வெட்டு என்று ஒருவர் சொல்ல, இப்போது யார் வெட்டுகிறார்கள், என் அப்பா கூலிம் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறார் என்று இன்னொருவர் சொல்வார். பொழுதைக் கேட்டால், பெரட்டுக்கு (வேலைக்கு முன் பெயர் அழைப்புக்கு) எல்லாரும் கூடும் விடியற்காலை என்ற விடை பெரியவர்களோடு வளர்ந்த பிள்ளையிடமிருந்து வரும்.

இவை எல்லாம் வந்தபின் கடைசிக் கேள்வியைக் கேளுங்கள்: இந்த நிலத்துக்கு உரிப்பொருள், அதாவது அதற்கே உரிய மன உணர்வு, எது? குறிஞ்சிக்குப் புணர்தல், பாலைக்குப் பிரிதல், முல்லைக்கு இருத்தல், நெய்தலுக்கு இரங்கல், மருதத்துக்கு ஊடல் என்று ஐந்தும் அதன் பிறகு அறிமுகமாகட்டும். கடல் கடந்து வந்தவர்களின் நிலம் என்பதால் பிரிவு என்பார்கள் சிலர். விடியுமுன் வெட்டுக்காட்டுக்குப் போன தாய் திரும்பும்வரை ஆயக்கொட்டகையில் கிடந்த குழந்தைகளின் நிலம் என்பதால் இருத்தல் என்பார்கள் சிலர். எந்த விடை சரி என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. நிலமும் பொழுதும் மனித உணர்வோடு ஒன்றாக நிற்கும் என்ற திணைக் கோட்பாட்டின் உயிர்நாடியை அந்த வாதத்திலேயே மாணவர்கள் உணர்ந்துவிடுகிறார்கள். ரப்பர் மரமே இந்த மண்ணுக்கு உரியதன்று, பிரேசிலைத் தாயகமாகக் கொண்ட அது 1877இல்தான் கோலகங்சாரில் நடப்பட்டது என்ற செய்தியையும் இங்கே சேர்க்கலாம். வந்தேறிய மரமும் வந்தேறிய மனிதரும் சேர்ந்து ஒரு நிலத்தின் கருப்பொருளாக ஆகமுடியுமா என்று கேட்டால் படிவம் ஐந்து மாணவர்கள் வெகுநேரம் பேசுவார்கள்.

முல்லைத் திணைப் பாடல்களுக்கு மட்டும் ஒரு தனிப் பீடிகையைப் பரிந்துரைக்கிறேன். "மழை பெய்தால் உங்கள் வீட்டில் யார் மகிழ்ந்தார்கள், யார் கவலைப்பட்டார்கள் என்று பாட்டியிடம் கேட்டு வாருங்கள்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். மரம் நனைந்துவிட்டால் பால் வெட்ட முடியாது; வெட்டு இல்லாத நாளில் கூலி குறையும். மழை என்றால் வீட்டில் கவலை என்று வந்து சொல்லும் மாணவர்களிடம், கார்கால மழையைத் தலைவன் திரும்பி வருவதற்கான அடையாளமாக எதிர்நோக்கும் முல்லைத் தலைவியை அறிமுகப்படுத்துங்கள். குறுந்தொகையின் 66ஆம் பாடலில், பருவம் தவறிப் பெய்த மழையைக் கார்காலம் என்று நம்பிப் பூத்துவிட்ட கொன்றை மரங்களைத் தோழி "மடவ மன்ற" என்று சொல்லித் தலைவியைத் தேற்றுகிறாள். கார் உண்மையில் வந்துவிட்டதா, தலைவிக்காகத் தோழி மரங்களின்மேல் பழி போடுகிறாளா என்ற கேள்வியோடு பாடலுக்குள் போகும் வகுப்பு, கொன்றையைப் பார்த்திராவிட்டாலும் அதை மறக்காது.

கேள்வி: இன்றைய மாணவர்கள் தாமான் என்னும் வீடமைப்புப் பகுதிகளிலும் அடுக்குமாடியிலும் வளர்கிறார்கள். மங்கு (ரப்பர்ப் பால் வடியும் கிண்ணம்), காண்டா (பால் வாளிகளைத் தோளில் சுமக்கும் தடி), பெரட்டு என்ற சொற்களே அவர்களுக்குத் தெரியாது. தோட்டத்தை வைத்துத் தொடங்குவது பொருந்துமா?

அவர்களுக்குத் தெரியாது என்பதையே தொடக்கமாக்கலாம். தாத்தாவின் கொட்டகையில் கிடக்கும் பால் மங்கு ஒன்றையோ, பால் வெட்டும் கத்தியையோ கொண்டுவந்து மேசைமேல் வைத்து, இது என்ன, யார் பயன்படுத்தியது, எந்த நேரத்தில் பயன்படுத்தியது என்று ஊகிக்கச் சொல்லுங்கள். தோட்டப்புறச் சிறுகதையோ நாட்டுப்பாடலோ படிக்கும் நாளுக்கு இது மிகப் பொருத்தம். ஆனால் எல்லாப் பாடத்தையும் தோட்டத்திலேயே தொடங்கக் கூடாது. தொழிற்சாலையில் இரவுப்பணி முடித்து விடியலில் வீடு திரும்பும் தாயும் இந்த ஊரின் வாழ்க்கைதான். காத்திருத்தலைப் பாடும் எந்தப் பாடலுக்கும் அந்த விடியல் போதுமான பீடிகை. மாணவருக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்க வேண்டுமே தவிர, நமக்குப் பிடித்த பழமையிலிருந்து தொடங்கக் கூடாது.

கேள்வி: கெடா மாணவர்களுக்கென்று தனியாக ஏதேனும் தொடக்கம் உண்டா?

உண்டு, கெடாவில் கற்பிப்பவர் இதைத் தவறவிடக் கூடாது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத் துறைமுகத்தில் வந்து குவிந்த பொருள்களைச் சொல்லும் பகுதியில் "ஈழத்து உணவும் காழகத்து ஆக்கமும்" என்ற அடி வருகிறது. இந்த ஓர் அடியை மட்டும் பலகையில் எழுதி, "இதில் ஓர் ஊரின் பெயரை நீங்கள் தினமும் எழுதுகிறீர்கள், எது?" என்று கேளுங்கள். ஈழத்தை உடனே ஒதுக்கிவிடுவார்கள். காழகம் என்ற சொல்லில் வந்து நிற்பார்கள். உரையாசிரியர் நச்சினார்க்கினியர் காழகத்தைக் கடாரம் என்று உரைக்கிறார். 1025இல் இராசேந்திர சோழன் படையெடுத்ததாக அவனுடைய மெய்க்கீர்த்தி பெருமிதத்தோடு சொல்லும் கடாரத்தை அறிஞர்கள் இன்றைய கெடாவாகக் கொள்கிறார்கள். சுங்கைப் பட்டாணிக்கு அப்பால் மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே சண்டி புக்கிட் பத்து பகாட் கோயிலின் அடித்தளத்தைப் பார்த்துவந்த மாணவர்கள் வகுப்பில் இருந்தால் அவர்களைப் பேசவிடுங்கள். தம்முடைய மண் தமிழ் இலக்கியத்தின் வெளி ஓரத்தில் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்த பிள்ளைகள், அந்த மண்ணின் பெயர் சங்க நூலுக்குள்ளேயே இருப்பதைக் காணும்போது முகத்தில் தோன்றும் மாற்றத்தை ஒவ்வோர் ஆசிரியரும் ஒருமுறையேனும் பார்க்க வேண்டும்.

கேள்வி: சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைத் தொடங்க எளிய வழி?

மூடியுள்ள இரண்டு சிறு தகர டப்பாக்கள் போதும். ஒன்றில் சிறு கூழாங்கற்களையும் மற்றதில் பாசிமணிகளையும் போட்டு, இரண்டையும் வெளியிலிருந்து பார்த்தால் வேறுபாடு தெரியாதபடி காகிதம் சுற்றிக் கொண்டுபோங்கள். "இரண்டு பேர் ஒரே டப்பா தமக்குரியது என்கிறார்கள். நீங்கள் நீதிபதி. ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். என்ன கேட்பீர்கள்?" உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பேன் என்ற விடை சில நொடிகளில் வந்துவிடும். பதினாறு வயதுப் பிள்ளைக்குச் சில நொடிகளில் தோன்றிய அந்தக் கேள்வி, கோவலனைக் கொல்ல ஆணையிடுமுன் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குத் தோன்றவில்லை என்பதோடு காதையைத் தொடங்குங்கள். கண்ணகி தன் சிலம்பு "மணியுடை அரியே" என்று சொல்வதும், மன்னன் தன் சிலம்பு "முத்துடை அரியே" என்று சொல்வதும், சிலம்பு உடைந்து மணி தெறிப்பதும், "யானோ அரசன் யானே கள்வன்" என்று அவன் வீழ்வதும் அப்போது ஒரே தொடராக மாணவருக்கு விளங்கும். ஆராயாமல் தண்டித்த குற்றம் எங்கே நிகழ்ந்தது என்பதை அவர்களே சுட்டிக்காட்டுவார்கள்.

கேள்வி: திருக்குறள் தமிழ்ப்பள்ளியிலிருந்தே மனப்பாடம். அதில் புதிதாக என்ன ஆர்வத்தை உண்டாக்க முடியும்?

மனப்பாடமாகத் தெரிந்த குறளுக்குப் பொருள் கேட்டால் ஒப்பித்துவிடுவார்கள். ஆகவே குறளைச் சொல்லாமல் ஒரு சூழலைச் சொல்லுங்கள். மருத்துவமனையில் படுத்திருக்கும் பாட்டி, தோட்டத்தில் தான் ஐம்பது ஆண்டு வாழ்ந்த வீடு அப்படியே இருக்கிறதா என்று பேரப்பிள்ளையிடம் கேட்கிறார். வீடு சென்ற மாதம் இடிக்கப்பட்டுவிட்டது. என்ன சொல்வீர்கள்? வகுப்பு இரண்டாகப் பிரியும். அதன்பின் வாய்மை அதிகாரத்தின் முதல் இரண்டு குறள்களையும் எழுதுங்கள். "பொய்ம்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்" என்று 292ஆம் குறள் சொல்வது, எத்தனையோ ஆண்டுகளாக அதை ஒப்பித்துவந்த மாணவருக்கு அன்றுதான் முதன்முறையாகக் கேட்கும். "புரைதீர்ந்த" என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, பாட்டிக்குச் சொல்லும் பொய்யில் நம்முடைய வசதி கலந்திருக்கிறதா என்று ஆராயத் தொடங்கினால், பாடவேளை போவதே தெரியாது.

கேள்வி: நாவல், சிறுகதை, நாடகம்?

சிறுகதைக்கு முதல் வாக்கியத்தை மட்டும் கொடுத்து, இந்தக் கதையில் எதைப் பற்றிய அச்சமோ ஆசையோ இருக்கும் என்று ஊகிக்கச் சொல்வது போதுமானது. நாடகத்துக்குப் பீடிகையே வேண்டாம். இரண்டு மாணவர்களை எழுப்பி ஒரு பக்கத்தை உணர்ச்சியோடு வாசிக்கச் சொல்லி, சிக்கல் முற்றும் இடத்தில் நிறுத்துங்கள்.

நாவல் வேறு வகை. பல வாரங்களுக்கு நீளும் ஒன்றுக்கு முதல் நாள் தொடக்கம் ஆழமாக இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, ஆர். சண்முகத்தின் "சயாம் மரண ரயில்" போல ஜப்பானியர் காலத்தைப் பேசும் ஒரு நாவலை எடுத்துக்கொண்டால், வரைபடத்திலிருந்து தொடங்கலாம். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போடப்பட்ட அந்த இருப்புப்பாதையின் நீளம் ஏறத்தாழ 415 கிலோமீட்டர். பாடாங் செராயிலிருந்து கோலாலம்பூருக்குப் போகும் தூரத்தைவிட அதிகம். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பெருந்தொகையினர் அங்கே மாண்டார்கள். இதைச் சொல்லிவிட்டு, குடும்பத்தில் யாரேனும் சயாமுக்குப் போனதாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா என்று வீட்டில் கேட்டுவரும் பணியை முதல் வாரத்துக்குக் கொடுங்கள். எல்லாருக்கும் செய்தி கிடைக்காது. கிடைத்த ஒருவரின் செய்தி வகுப்பு முழுவதற்கும் போதும்.

கேள்வி: காணொலியோ திரைப்பாடலோ காட்டித் தொடங்கலாமா? மாணவர்கள் விரும்புகிறார்களே.

நான் பெரும்பாலும் தவிர்க்கச் சொல்வேன். ஒரு காப்பியத் தலைவியை முதலில் திரையில் பார்த்துவிட்ட மாணவர், பாடலைப் படிக்கும்போது அந்த நடிகையின் முகத்தைத் தவிர வேறெதையும் காணமாட்டார். பாடத்தோடு ஒட்டாத சுவையான துணுக்குகள் பாடத்தின் மையப்பொருளை நினைவில் கொள்வதைக் குறைக்கின்றன என்று கற்றல் ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. இலக்கியத்துக்கு ஒலியே சிறந்த வாயில். ஆசிரியர் வீட்டில் பலமுறை உரக்க வாசித்துப் பழகி, நூலைப் பார்க்காமல் மாணவர் முகத்தைப் பார்த்து ஒரு பாடலைச் சொன்னால், அதற்கு இணையான ஒளிப்படக்காட்சி இல்லை. காணொலியைப் பாடத்தின் இறுதிக்கு வைத்துக்கொண்டு, மாணவர் கற்பனை செய்ததோடு ஒப்பிடச் சொல்லலாம்.

கேள்வி: கேள்வி கேட்டால் வகுப்பே மௌனமாக இருக்கிறது.

பெரும்பாலும் நாம் காத்திருப்பதில்லை. ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று நொடிக்கு நீட்டினாலே மாணவர் விடைகள் நீண்டு செறிவடைகின்றன என்றும் மேரி பட் ரோ 1970களில் தம் ஆய்வுகளில் கண்டறிந்தார். இலக்கியக் கேள்விக்கு நான் இன்னும் அதிகம் கொடுப்பேன். பத்து நொடி மௌனம் ஆசிரியருக்குத்தான் நீளமாகத் தெரியும். முதலில் தனியே ஒரு வாக்கியம் எழுதவும், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு பேசவும், அதன்பின் வகுப்பில் சொல்லவும் வாய்ப்புக் கொடுத்தால், கூச்சமுள்ள பிள்ளையும் கையில் ஒரு விடையோடு நிற்பார். அவர் சொன்னதும் "அது தவறு" என்று முடிக்காமல், "எந்தச் சொல்லைப் பார்த்து அப்படி நினைத்தாய் அம்மா?" என்று கேளுங்கள்.

கேள்வி: மலாய்வழித் தேசியத் தொடக்கப்பள்ளியில் படித்துவிட்டு வந்து, தமிழில் தடுமாறும் மாணவர்கள் இருக்கிறார்கள். மலாய் கலந்து பேசினால் திருத்த வேண்டுமா?

பீடிகையின்போது வேண்டாம். அந்த ஐந்து நிமிடத்தில் எண்ணம்தான் வெளியே வரவேண்டும். அவர் சொன்னதை நீங்கள் நல்ல தமிழில் திருப்பிச் சொல்லி, பலகையில் அவர் பெயரோடு எழுதினால் போதும். தம் எண்ணம் தமிழில் எப்படி ஒலிக்கிறது என்று அவர் பார்க்கிறார். நாளடைவில் அந்தச் சொற்களை எடுத்துக்கொள்வார்.

கேள்வி: எங்கள் தமிழ் வகுப்பு பள்ளி முடிந்தபின் நடக்கிறது. பசியும் களைப்புமாக இருப்பவர்களிடம் என்ன பீடிகை எடுபடும்?

தேசிய இடைநிலைப்பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால், நடைமுறைக்கு இயலும் அளவில் தாய்மொழி வகுப்பு நடத்த 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் வழிசெய்கிறது. பல பள்ளிகளில் அந்த வகுப்பு கால அட்டவணைக்கு வெளியே தள்ளப்பட்டிருப்பது வருந்தத்தக்கது. அந்த நேரத்துக்கு வந்து அமர்கிற மாணவர் ஏற்கெனவே ஒரு முடிவை எடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். அவருக்கு முதலில் ஐந்து நிமிடம் சாப்பிட நேரம் கொடுங்கள். அந்த நேரத்தில் நீங்கள் பாடலையோ கதையின் ஒரு பகுதியையோ வாசியுங்கள். எழுத்துப் பணியில் தொடங்காதீர்கள். கேட்பதில் தொடங்கும் பீடிகை களைத்த உடலுக்கும் ஏற்றது.

கேள்வி: எஸ்.பி.எம். (படிவம் ஐந்தின் இறுதியில் எழுதும் அரசுத் தேர்வு) ஆண்டில் இதற்கெல்லாம் நேரம் ஏது?

படிவம் ஐந்தில் பீடிகையின் வடிவம் மாறலாம். சென்ற வாரம் படித்த பாடலை நூலைப் பார்க்காமல் நினைவிலிருந்து மூன்று நிமிடம் எழுதச் சொல்லி, அதில் விட்டுப்போன அடியிலிருந்து அன்றைய பாடத்தைத் தொடங்குங்கள். மீண்டும் மீண்டும் வாசிப்பதைவிட நினைவிலிருந்து மீட்டெடுப்பது நெடுநாள் நிலைக்கிறது என்று ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பாரி மகளிரின் நிலவைத் தாமாகக் கண்டுபிடித்த மாணவர், அந்தப் பாடலின் நயத்தை விளக்குக என்று தேர்வில் கேட்டால் வழிகாட்டி நூலைத் தேடமாட்டார். ஆகவே அந்த ஐந்து நிமிடத்தைத் தேர்வுக்கான நேரத்திலிருந்து கழிக்க வேண்டியதில்லை.

கேள்வி: ஒரு பீடிகை பயன் தந்ததா என்பதை எப்படி அறிவது?

சிரிப்பையும் இரைச்சலையும் வைத்து அளக்காதீர்கள். பாடலை வாசித்து முடித்தபின், நீங்கள் கேட்காமலேயே ஒரு மாணவர் தொடக்கத்தில் பேசியதைப் பாடலின் ஓர் அடியோடு இணைத்துப் பேசுகிறாரா என்று கவனியுங்கள். பேசினால் பயன் தந்தது. பேசாவிட்டால், தொடக்கக் கேள்விக்கும் பாடலுக்கும் இடையே நீங்கள் கருதிய பாதை மாணவருக்குத் தெரியவில்லை. கேள்வியை மாற்றுங்கள், பாடலைக் குறை சொல்லாதீர்கள். நாள் பாடத்திட்டத்தில் சிந்தனை மீட்சி என்ற கட்டத்தில் "மாணவர்கள் பாட நோக்கத்தை அடைந்தனர்" என்று எழுதுவதோடு நிறுத்தாமல், அன்று ஒரு மாணவர் கேட்ட கேள்வியை அவருடைய சொற்களிலேயே குறித்துவையுங்கள். அடுத்த ஆண்டு அதே பாடலைத் தொடங்கும் நாளில் அந்தக் கேள்வியையே புதிய வகுப்பின் முன் வைக்கலாம்.